வெளியூரிலிருந்து அக்சஸ்: விபிஎன், ரிமோட் டெஸ்க்டாப், எஸ்கியூஎல் சர்வர் – எது தேறும்?

ஆபீஸில் சட்டென்று திறக்கும் மைக்ரோசாஃப்ட் அக்சஸ் டேட்டாபேஸ் ஃபைல், வீட்டிலிருந்து விபிஎன் (இணையம் வழியே ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் நுழையும் பாதுகாப்பான பாதை) வழியாகத் திறந்தால் திணறுகிறது. உடனே இணைய வேகத்தைக் கூட்டிப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் அதில் பலன் இருக்காது.

அக்சஸ் வேலை செய்யும் விதம் அப்படி. ஷேர் ஃபோல்டரில் கிடப்பது வெறும் ஃபைல். அதைப் படிப்பது, தேடுவது, வடிகட்டுவது எல்லாம் நம் கணினியில்தான் நடக்கிறது. இண்டெக்ஸில் ஒரு பக்கம், டேபிளில் ஒரு பக்கம், லாக் ஃபைலில் (யார் எதைப் பூட்டி வைத்திருக்கிறார் என்ற பதிவு) ஒரு குறிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை போய்வர வேண்டும். லேனில் (ஆபீஸின் உள் நெட்வொர்க்கில்) ஒரு தடவைக்கு 1 மில்லிசெகண்ட்கூட ஆகாது. விபிஎன்னில் 40 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் தடவை போய்வந்தால் 40 செகண்ட் போச்சு. 50 எம்பிபிஎஸ்ஸை 200 ஆக்கினாலும் இந்தத் தாமதம் குறையாது.

ஃபைலை இரண்டாகப் பிரித்து ஃப்ரண்ட் எண்டை (ஃபார்ம், ரிப்போர்ட், கோடு உள்ள ஃபைல்) அவரவர் கணினியில் வைப்பது, பேக் எண்டுக்கு (டேபிள்கள் உள்ள ஃபைல்) ஒரு கனெக்‌ஷனை மூடாமல் வைத்திருப்பது, சப்டேட்டாஷீட்டை (டேபிளுக்குள் விரியும் தொடர்புடைய டேபிள்) அணைப்பது எல்லாம் நல்ல பழக்கங்கள். விபிஎன்னில் கொஞ்சம் மூச்சு விடலாம், அவ்வளவுதான். எழுதும் நடுவில் இணைப்பு அறுந்தால் பேக் எண்ட் ஃபைலே கெட்டுப்போகலாம். ஆகவே விபிஎன்னில் நேரடியாக ஃபைலைத் திறக்கும் வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

ரிமோட் டெஸ்க்டாப் உடனே குணம் தெரியும் வழி. அக்சஸ் ஆபீஸ் கணினியிலேயே ஓடுகிறது. நமக்கு வருவது திரை மட்டும். ஒரு வரி கோடையும் மாற்ற வேண்டாம். ஆனால் விண்டோஸ் ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்ய முடியும். பலர் வேண்டுமென்றால் விண்டோஸ் சர்வரும், ஆளுக்கோ கணினிக்கோ ஒரு ஆர்டிஎஸ் (ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்) லைசென்ஸும் வாங்க வேண்டும். அங்கேயும் ஆளுக்கொரு ஃப்ரண்ட் எண்ட் காப்பி கட்டாயம். அப்புறம், ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் 3389 போர்ட்டை ரௌட்டரில் தயவுசெய்து திறந்து விடாதீர்கள். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் ஆட்கள் முதலில் தட்டிப் பார்க்கும் கதவுகளில் அதுவும் ஒன்று. விபிஎன் உண்மையில் பயன்படுவது இங்கேதான்: அதற்குள் ரிமோட் டெஸ்க்டாப்பை ஓட்டுங்கள்.

டேபிள்களை மைக்ரோசாஃப்ட்டின் இணையவழிப் பட்டியலான ஷேர்பாயிண்ட் லிஸ்ட்டில் வைப்பது சின்ன டேபிள்களுக்குச் சரி. ஒரு வியூவுக்கு 5,000 வரிசை என்ற வரம்பு இருப்பதால் பில், ஸ்டாக் மாதிரி வளரும் டேபிள்களுக்கு ஒத்துவராது.

நீண்ட நாளைக்கு எஸ்கியூஎல் சர்வர்தான்: அது டேட்டாபேஸ் சர்வர், தேடுவதைத் தானே செய்து விடையை மட்டும் அனுப்பும். அக்சஸ் ஃபைலுக்கு 2 ஜிபி வரம்பு. எஸ்கியூஎல் சர்வரின் இலவசப் பதிப்பான எக்ஸ்பிரஸ் 2022-ல் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபி வரை போகலாம். ஆனால் டேபிள்களை அங்கே மாற்றி, அக்சஸை ஓடிபிசியில் (டேட்டாபேஸ்களை இணைக்கும் டிரைவர்) லிங்க் செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். சில சமயம் முன்பைவிட மெதுவாகிவிடும். வடிகட்டும் நிபந்தனையில் விபிஏவில் (அக்சஸின் நிரல் மொழி) நாமே எழுதிய ஃபங்ஷன் இருந்தால் அது சர்வருக்குப் புரியாது. வரிசைகளை இங்கே இழுத்துவந்துதான் அக்சஸ் சலிக்கும். ஃபார்ம் திறக்கும்போதே முழு டேபிளையும் கேட்காமல், பில் நம்பர் கொடுத்த பிறகு அந்த ஒரு பில்லை மட்டும் கேட்கும்படி மாற்ற வேண்டும். கனமான ரிப்போர்ட்டுகளைப் பாஸ்-த்ரூ க்வெரியாக்க (அப்படியே சர்வருக்கு அனுப்பி அங்கேயே ஓட்டும் க்வெரி) வேண்டும். ஒவ்வொரு டேபிளிலும் ஒரு ரோவெர்ஷன் நெடுவரிசை (வரிசை மாறும்போதெல்லாம் தானே மாறும் எண்) சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் சேமிக்கும்போது அக்சஸ் ஒவ்வொரு நெடுவரிசையின் பழைய மதிப்பையும் ஒப்பிடும். தசம எண்கள் இம்மி பிசகினாலும், யாரும் தொடாத பில்லையே வேறொருவர் மாற்றிவிட்டார் என்று எச்சரிக்கை வரும்.

இதற்கெல்லாம் சில வாரங்கள் பிடிக்கலாம். அதுவரை ரிமோட் டெஸ்க்டாப்பில் ஓட்டிக்கொண்டே, தினமும் அதிகம் திறக்கப்படும் ஃபார்மிலிருந்து மாற்றத் தொடங்கலாம்.