வன்னியில் பிரஷர் கிளினிக்: ஒரு குளிசையா, மூன்றா, வீடு தேடிப் போவதா?

வன்னியில் பிரஷருக்கு மருந்தெடுக்கும் ஒருவரின் கிளினிக் கொப்பியைப் புரட்டினால் இப்படியொரு பக்கம் அகப்படும்: 158/96, அம்லோடிபின் 5. அடுத்த மாதம் 154/94, அம்லோடிபின் 5. அதற்கடுத்தது 160/92, அதே அம்லோடிபின் 5. "வெயிலுக்குள்ளால வந்தனான் ஐயா, அதுதான் ஏறியிருக்கும்." சரி, அடுத்த முறை பார்ப்பம். ஒரு மருந்தில் தொடங்கித் தேவைப்பட்டால் கூட்டும் பழைய முறையில் பிழையில்லை. வரிசை வாசல் தாண்டி நிற்கும் நாளில் அந்தக் கூட்டுதல்தான் நடப்பதில்லை.

மாற்றுவழிகள் இரண்டு: மூன்று மருந்தை ஒரே குளிசையில் தருவது, வீடு தேடிப் போவது. இரண்டுமே இலங்கையில் சோதிக்கப்பட்டவை.

2018இல் வெளியான ட்ரையம்ப் ஆய்வு இங்குள்ள ஆஸ்பத்திரி கிளினிக்குகளில் 700 பேரிடம் நடந்தது. டெல்மிசார்டன் 20, அம்லோடிபின் 2.5, குளோர்தலிடோன் 12.5 மில்லிகிராம், மூன்றும் ஒரே குளிசையில். 6 மாதத்தில் 70 சதவீதமானோர் இலக்கை எட்டினர். வழமையான சிகிச்சையில் 55. பக்கவிளைவால் மருந்தை விட்டவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். குறைந்த அளவில் தந்த மூன்று மருந்தும் உடம்புக்கு ஒத்துப்போயின.

2020இல் வந்த கோப்ரா-பிபிஎஸ் ஆய்வு வேறு வழி. இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷில் 30 கிராமப்புறச் சமூகங்கள், 2,645 பேர். சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே போய் பிரஷர் அளந்தார், தேவையானவரை வைத்தியரிடம் அனுப்பினார். 2 ஆண்டில் மேல் அளவு வழமையான சிகிச்சை பெற்ற குழுவைவிட 5.2 கூடுதலாக இறங்கியது. 5 என்றால் அற்பமாகத் தெரியும். 5 இறங்கினாலே மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவை 10 சதவீதமளவில் குறையும் என்கிறது 2021இன் பெரிய தொகுப்பாய்வு.

ட்ரையம்பில் இந்த வித்தியாசம் 9 அளவில். அதற்காக இரண்டையும் நேரே ஒப்பிட முடியாது. ட்ரையம்பில் கிளினிக்குக்கு வந்தவர்கள், 6 மாதம். கோப்ராவில் ஊரிலிருந்தவர்கள், 2 வருடம். அரிவிவெட்டு நேரம் கிளினிக்கைத் தவறவிடும் நெடுங்கேணி கமக்காரருக்கு மூன்று மருந்துக் குளிசை மட்டும் என்ன செய்யும்?

ஆனாலும் முதலில் மாற்ற வேண்டியது மருந்துச்சீட்டைத்தான் என்பேன். கூட்டுக் குளிசை கிடைக்காவிட்டால் லோசார்டன், அம்லோடிபின், எச்சிடி (சலம் போகவைக்கும் மருந்து) என்று குறைந்த அளவில் தனித்தனியே தரலாம். ஆய்வு சோதித்தது ஒற்றைக் குளிசையை என்பது நினைவிருக்கட்டும்: மூன்றாகக் கொடுத்தால், பஸ் ஏறும் நாளில் சலம் போகவைக்கும் குளிசை வீட்டிலேயே நின்றுவிடும். செட்டிகுளம் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருப்பதால், தொடங்குமுன்னும் சில வாரங்களுக்குப் பிறகும் இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), பொட்டாசியம் பார்க்காமல் இதில் இறங்கக்கூடாது. கர்ப்பிணிகளுக்கு லோசார்டன், டெல்மிசார்டன் வகை கூடவே கூடாது.

வீட்டுக்குப் போவதை கிளினிக்கை அடுத்தடுத்துத் தவறவிடுவோருக்கு என்று ஒதுக்கலாம். குடும்பநல மாதுவின் தலையில் இன்னொரு கொப்பியைக் கட்டுவதற்கு முன், அவர் கையிலிருக்கும் எந்த வேலையை எடுப்பது என்று மேலிடம் சொல்லட்டும்.