குப்பத்துச் சிறு விவசாயிக்கு எது: ஜீவாமிர்தமா, சான்றிதழா?

ரசாயன உரத்தையும் மருந்தையும் கைவிட நினைக்கும், ஆந்திராவின் குப்பம், பலமநேர் ஊர்ப் பக்கத்து விவசாயிக்கு முன்னால் இரண்டு வழிகள். ஒன்று, ஆந்திர அரசு 2016இல் தொடங்கிய இயற்கை விவசாயம். இன்னொன்று, சான்றிதழோடு கூடிய அங்கக (ஆர்கானிக்) விவசாயம்.

முதலாவதுக்கு ஆட்களை இழுப்பது, என் கணிப்பில், உரக்கடைப் பாக்கிதான். இதில் கடை உரத்துக்குப் பதில் வீட்டிலேயே கலக்கும் கரைசல்: ஏக்கருக்கு 200 லிட்டர் டிரம் தண்ணீர், 10 கிலோ சாணம், அதற்குத் தக்க கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி வரப்பு மண். காலையும் மாலையும் கலக்கி நிழலில் இரண்டு நாள் வைத்தால் ஜீவாமிர்தம் தயார். மாடு இல்லாத வீட்டுக்குச் சிரமம்தான். பக்கத்து வயலில் எப்படி வந்திருக்கிறது என்று வரப்பில் நின்று பார்க்கலாம், மகளிர் குழுவில் கேட்கலாம். அந்தத் தைரியம் பெரிது. ஆனால் மண்டியில் தக்காளிக்கு அதே விலைதான். எப்படி விளைந்தது என்று அங்கே யார் கேட்கிறார்கள்?

சான்றிதழ், விலைக்கான வழி. ஏற்றுமதிக்கான தேசிய விதிப்படி ஆண்டுப் பயிருக்கு 2 ஆண்டு, மா போன்றவற்றுக்கு 3 ஆண்டு மாறுகாலம், அதாவது ரசாயனத்தை விட்டபின் சான்றிதழுக்குக் காத்திருக்கும் காலம். அதுவரை பழைய விலை. கூடவே பதிவேடு, ஆய்வு, கட்டணம். அடுத்த நிலத்து மருந்து காற்றில் வந்தாலும் தலைவலி.

என்னைக் கேட்டால், இரண்டு ஏக்கரில் நிலக்கடலையும் தக்காளியும் போடுகிறவருக்கு டிரம்தான் சரி. தோத்தாபுரி மாந்தோப்புக்காரர்கள் குழுவாகச் சேர்ந்து, வாங்குகிறவரையும் முன்பே பிடித்துவிட்டால் சான்றிதழுக்குப் போகலாம்.