எங்கள் கடைப் பெயரில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம், யாரும் பணம் கட்டாதீர்கள்

2025 செப்டம்பர் நடுவில் ஒரு வியாழக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்குகிறேன், கடை முன் நடைபாதையில், அதாவது அஞ்சடியில், ஏழு பேர் நிற்கிறார்கள். முறுக்கு வாங்க வந்தவர்கள் மாதிரித் தெரியவில்லை. எல்லார் கையிலும் ஃபைல். அதில் ஒரு பெண் வெள்ளைச் சட்டையும் கறுப்பு ஸ்லாக்ஸும் போட்டு, பரிசளிப்பு விழாவுக்குப் போகிற பிள்ளை மாதிரி தலையை இழுத்துப் பின்னியிருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா. கூலிமிலிருந்து பஸ் பிடித்து, பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி வந்திருக்கிறார்கள்.

"இன்னைக்குத்தானே ஆண்டி வேலைக்கு வரச் சொன்னீங்க?"

நான் யாரையும் வரச் சொல்லவில்லை.

போனை நீட்டினாள். ரசீது ஒன்று. மேலே எங்கள் கடைப் பெயர். அதற்குக் கீழே 'சீருடை, டைஃபாய்டு ஊசி, முன்பணம் 80 வெள்ளி', அதாவது 80 மலேசிய ரிங்கிட். ஓரத்தில் எங்கள் கடைப் படம். கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அப்பா காலத்துப் பித்தளைத் தராசு, அதன் பின்னால் என் அண்ணன் மகனுடைய சிவப்பு ஹெல்மெட் பாதி தெரிகிறது. அந்தப் படத்தை எடுத்ததே நான்தான். அதை ஒரே ஒரு ஆளுக்குத்தான் அனுப்பியிருந்தேன்.

கடைப் பெயரை இங்கே வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் நாளைக்கு யாராவது தேடும்போது எங்கள் பெயரும் 'மோசடி'யும் ஒன்றாக வந்து நிற்கும். பினாங்கு லிட்டில் இந்தியாவில், நாங்கள் கடைத்தெரு என்று சொல்லும் லெபோ பாசாருக்குப் பக்கத்தில் இருக்கிறோம். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் கடையில் நிரந்தரமாக ஏழு பேர். தீபாவளி நெருங்கினால் பாக்கெட் போட, லேபல் ஒட்ட, டெலிவரிக்கு அடுக்க இன்னும் ஆறு பேராவது வேண்டும். அப்பா இருந்தபோது ஆள் தேடுவது ஒரு வேலையே இல்லை. கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுநாள் இரண்டு பேர் வருவார்கள். அவர்கள் தங்கச்சியையும் மச்சியையும் கூட்டி வருவார்கள். ஆள் சொல்லி ஆள். இப்போது அந்தப் பிள்ளைகள் எல்லாம் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்கும் கிராப் டாக்ஸி ஓட்டவும் போய்விட்டார்கள், அதைத் தப்பென்று சொல்ல எனக்கு மனசு வராது.

ஆகஸ்ட் கடைசியில் என் சொந்த ஃபேஸ்புக்கில் 'பேக்கிங் வேலைக்கு ஆள் தேவை, மாதம் 1,800 வெள்ளி, ஓவர்டைம் தனி' என்று போட்டேன். குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி ஆகிவிட்டது, அதற்குக் கீழே போகவும் முடியாது. இருபத்தைந்து லைக், நான்கு ஹார்ட், 'வாழ்த்துகள் அக்கா' என்று ஒரு கமெண்ட். எதற்கு வாழ்த்து என்று இன்றுவரை புரியவில்லை. ஆள் மட்டும் வரவில்லை.

இரண்டாம் நாள் இன்பாக்ஸில் வந்தார் அந்த ஆள். நல்ல தமிழ். 'வணக்கம் அக்கா, உங்க பதிவைப் பார்த்தேன், இப்படிப் போட்டா ஆள் வராதுக்கா.' வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் கம்பெனியாம். சமூக ஊடகத்தில் மட்டுமே செய்கிறார்களாம். டிக்டாக் வீடியோ, ஃபேஸ்புக் விளம்பரம், டெலிகிராம் குரூப் எல்லாம் சேர்த்து 1,500 வெள்ளி. பத்து நாளில் ஆறு பேர். யாராவது முப்பது நாளுக்குள் நின்றுவிட்டால் மாற்று ஆள் இலவசம். பழைய வாடிக்கையாளர்கள் பேசிய வாய்ஸ் மெசேஜ் மூன்று அனுப்பினார். அதில் ஒருவர் கேட்டரிங் நடத்துபவராம், பின்னால் பாத்திரம் உருளும் சத்தம்கூடக் கேட்டது.

அந்தப் பாத்திரச் சத்தத்தில்தான் நான் விழுந்தேன்.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைப் படம். லோகோ. கடையை அரசாங்கத்தில் பதிந்ததற்கான எஸ்எஸ்எம் பத்திரம். என் ஐசி, அதாவது அடையாள அட்டை, முன்னும் பின்னும். 'விளம்பரத்துக்கு வெரிஃபை பண்ணணும்க்கா, இல்லன்னா ஃபேஸ்புக் பிளாக் பண்ணிடும்.' அனுப்பினேன். லைசன்ஸ் இருக்கிறதா என்று நானும் கேட்டேன், அவ்வளவு ஏமாளி இல்லை. உடனே ஒரு படம் வந்தது. அரசாங்க முத்திரை, கம்பெனிப் பெயர், நம்பர் எல்லாம் இருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் படிக்காமல் தம்ஸ்-அப் போட்டேன்.

பணம் அனுப்பும்போதாவது நின்றிருக்க வேண்டும். பேங்க் வழியாக உடனே பணம் அனுப்பும் டூயிட்நவ்வில் நம்பரைப் போட்டதும் அனுப்புகிறவர் பார்ப்பதற்காகவே பெறுபவர் பெயரைக் காட்டும். கம்பெனிப் பெயர் வரவில்லை, தனி ஆள் பெயர் வந்தது. அதுவும் நான் பேசிக்கொண்டிருந்தவர் சொன்ன பெயர் இல்லை. கேட்டேன். 'கம்பெனி அக்கவுண்ட் மெயின்டனன்ஸ்க்கா, இது எங்க அக்கவுண்ட்ஸ் பிள்ளையோடது.' அண்ணன் மகன் பக்கத்தில்தான் இருந்தான். "அத்தை, வேண்டாம் அத்தை" என்றான். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, வாசலில் லோரிக்காரர் ஹாரன் அடித்தார். அனுப்பிவிட்டேன்.

பதினொரு நாள் எனக்கு நாற்பது பெயர் கொண்ட பட்டியலும் தினம் ஒரு 'குட் மார்னிங்க்கா'வும் கிடைத்தன. பட்டியலில் பாதி நம்பர் எடுக்கவே இல்லை, எடுத்தவர்கள் நான் எந்த வேலையும் கேட்கவில்லையே என்றார்கள். பன்னிரண்டாம் நாள்தான் அஞ்சடியில் ஏழு பேர்.

நடந்தது இதுதான். என் படத்தையும் பத்திரத்தையும் வைத்து எங்கள் கடைப் பெயரிலேயே ஒரு ஃபேஸ்புக் பக்கம் திறந்திருக்கிறார்கள். சம்பளம் 2,800 வெள்ளி, தங்குமிடம், சாப்பாடு இலவசம் என்று விளம்பரம். சந்தேகப்பட்டவர்களுக்கு என் எஸ்எஸ்எம் பத்திரத்தையே காட்டியிருக்கிறார்கள். என்னிடம் 1,500, அந்தப் பிள்ளைகளிடம் தலைக்கு 80. இரண்டு பக்கமும் கறந்திருக்கிறார்கள்.

80 வெள்ளிக்கு அவர்கள் சொன்ன காரணம்தான் கெட்டிக்காரத்தனம். உணவுத் தொழிலில் கை வைப்பவர் எல்லாரும் டைஃபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும், உணவு கையாள்வோர் பயிற்சிக்கும் போயிருக்க வேண்டும் என்பது உண்மை. 2009 உணவுச் சுகாதார விதிமுறைகளில் இருக்கிறது. ஊசி மூன்று வருஷத்துக்குச் செல்லும். எங்கள் கடைச் சுவரிலேயே அந்த அட்டைகளின் நகல் மாட்டியிருக்கிறது, நான் அனுப்பிய படத்திலும் மங்கலாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் 'ஊசிப் பணம்' என்ற யோசனை வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஏற்கெனவே உணவகத்தில் வேலை பார்த்த பிள்ளைக்கு ஊசி கட்டாயம் என்று தெரியும், அதனால் சந்தேகமே வந்திருக்காது. ஆனால் ஊசியைக் கிளினிக்குக்கு நேரில் போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும், பணத்தை அந்தக் கவுண்டரில்தான் கட்ட வேண்டும். எந்தக் கடையும் அதை ஃபேஸ்புக் வழியாக வசூலிக்காது. எங்கள் கடையில் அந்தச் செலவு எங்களுடையது.

அந்த ஏழு பேரில் இரண்டு பேர் நான் சொன்னதை நம்பவில்லை. ஒருவர் கல்லா மேஜையைத் தட்டி, "உங்க பேரு, உங்க படம், உங்க பத்திரம், நீங்க இல்லன்னா வேற யாரு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்று மத்தியானமே அவர் பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, போய் எங்கள் கடை மேலே ரிப்போர்ட் கொடுத்துவிட்டார். கூகுளில் ஒரு நட்சத்திரம், 'வேலை மோசடி கடை' என்று விமர்சனம். அப்பா 1978இல் ஒரு மேஜையும் ஒரு அடுப்புமாக ஆரம்பித்த கடை.

நானும் பாலாய்க்குப் போய் ரிப்போர்ட் கொடுத்தேன், வாக்குமூலமும் கொடுத்தேன். அங்கிருந்த சார்ஜன், செமாக் மியூலில் பார்த்தீர்களா என்று கேட்டார். போலீஸ் நடத்தும் இணையதளம் அது. பேங்க் கணக்கு நம்பரையோ போன் நம்பரையோ போட்டால், அதன் மேல் ஏற்கெனவே ரிப்போர்ட் இருக்கிறதா என்று காட்டும். காசு கிடையாது, ஒரு நிமிஷ வேலை. நான் பணம் போட்ட கணக்கை அவர் தட்டினார், மூன்று ரிப்போர்ட் இருந்தது. கெல்டாய் அக்கவுண்ட், அதாவது தன் கணக்கை வாடகைக்கு விட்ட ஆள். லோரிக்காரர் ஹாரனுக்குப் பயப்படாமல் அன்றைக்கு இதைச் செய்திருந்தால் இந்தப் பதிவுக்கு வேலையே இருந்திருக்காது.

ஏமாந்தது தெரிந்ததும் அழைக்க வேண்டிய நம்பர் 997. தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையம், 2022இல் ஆரம்பித்தது. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் தடுக்க முயற்சி செய்யவாவது முடியும். நான் பன்னிரண்டு நாள் கழித்து அழைத்தேன், என் காசு எப்போதோ போயிருந்தது. கூலிம் பெண் முந்தின நாள் ராத்திரிதான் கட்டியிருந்தாள். கடையில் உட்கார வைத்து அவள் போனிலிருந்தே 997க்கும் அவள் பேங்குக்கும் அழைக்க வைத்தேன். அந்த 80 என்ன ஆனது என்று இன்னும் பதில் வரவில்லை.

அவளுக்கு என் கையிலிருந்து 80 வெள்ளி கொடுத்தேன். ஏழு பேருக்கும் கொடுக்கலாம் என்றார் என் வீட்டுக்காரர். கொடுத்தால் நாம்தான் வாங்கினோம் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றான் அண்ணன் மகன். கடைசியில் மற்ற ஆறு பேருக்கும் தேநீரும் ஆளுக்கொரு பாக்கெட் ஓமப்பொடியும்தான். நான் செய்தது சரியா என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு தொழிலாளர் இலாகாவுக்குப் போனேன். ஆள் பிடித்துக் கொடுப்பதைத் தொழிலாகச் செய்ய 1981ஆம் ஆண்டுத் தனியார் வேலை ஏஜென்சிச் சட்டப்படி லைசன்ஸ் வேண்டும். ஏ, பி, சி என்று மூன்று வகை உண்டு. எனக்கு வந்த லைசன்ஸ் படத்தை அங்கே காட்டினேன். லைசன்ஸ் உண்மையானதுதான், ஆனால் அது வேறொரு ஏஜென்சியுடையது. என்னிடம் பேசியவரின் கம்பெனிப் பெயரில் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். அந்த உண்மையான ஏஜென்சிக்கும் என் நிலைமைதான், அவர்கள் பெயரையும் யாரோ போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

போலிப் பக்கத்தைத் தோண்டிப் பார்த்தது அண்ணன் மகன். ஃபேஸ்புக் பக்கம் ஒவ்வொன்றிலும் 'பேஜ் டிரான்ஸ்பரன்சி' என்று ஓர் இடம் உண்டு. பக்கம் எப்போது திறக்கப்பட்டது, பெயர் எத்தனை தடவை மாறியது, நடத்துகிறவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று அங்கே பார்க்கலாம். 'எங்கள்' பக்கம் முதலில் போன் கவர் விற்றிருக்கிறது, அப்புறம் ஏதோ மெலியும் மாத்திரை, அதற்குப் பிறகு நாங்கள். நடத்துகிறவர்களில் ஒருவர்கூட மலேசியாவில் இல்லை. என்னிடம் 'அக்கா அக்கா' என்று உருகியவர் எந்த ஊரில் உட்கார்ந்திருந்தாரோ. 2022இல் நம் பிள்ளைகள் பலர் ஃபேஸ்புக் வேலை விளம்பரத்தை நம்பிக் கம்போடியாவிலும் மியன்மாரிலும் மாட்டிக்கொண்ட செய்திகளைப் படித்தபோது, இப்படியும் நம்புவார்களா என்று நான் நினைத்தது ஞாபகம் வந்தது.

வாடிக்கையாளர்கள் எல்லாரும் சேர்ந்து ரிப்போர்ட் அடித்தோம். முதல் வாரம், விதிமீறல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. இரண்டாம் வாரம் பக்கம் காணாமல் போனது. மூன்றாம் வாரம் கடைப் பெயரில் ஒரு 'ஸ்' கூடி இன்னொன்று முளைத்தது.

பணத்தைவிட ஐசிதான் எனக்குப் பெரிய பயம். அந்த ஏழு பேரும், கடைக்கு வராத இன்னும் எத்தனை பேரோ, ஐசியின் இரண்டு பக்கத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள், என்னுடையதும் அங்கேதான் இருக்கிறது. அதை வைத்து யார் எங்கே சிம் கார்டு எடுப்பார்கள், யார் பெயரில் கடன் கேட்பார்கள் என்று எப்படிச் சொல்வது? வேலைக்கு விண்ணப்பிக்கும்போதே ஐசி படம் கேட்டால் கொடுக்காதீர்கள். நேர்காணலுக்குப் போய், வேலை உறுதியான பிறகு கொடுத்தால் போதும். அப்போதும் நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, இன்ன கம்பெனி வேலைக்கு மட்டும் என்று எழுதித் தேதியோடு கொடுங்கள். கடை வைத்திருப்பவர்கள் எஸ்எஸ்எம் பத்திரத்திலும் இதையே செய்யுங்கள். நான் சுத்தமாகக் கொடுத்தேன், அவர்களுக்கு அழிக்கிற வேலைகூட மிச்சம்.

அந்தத் தீபாவளிக்கு எங்களுக்கு இரண்டு பேர் கிடைத்தது அரசாங்கச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்க்கேசோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலைத் தளத்தில். முதலாளிக்கும் காசு இல்லை, வேலை தேடுகிறவர்களுக்கும் காசு இல்லை. படிவத்தை நிரப்புவதற்குள் எனக்குத் தலை சுற்றியது என்பது வேறு விஷயம். மீதி வேலையைச் சொந்தக்காரர்களை வைத்து, ராத்திரி பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்து முடித்தோம். அந்த ஒற்றை நட்சத்திரம் இன்னும் கூகுளில் இருக்கிறது. பதில் எழுதிப் பார்த்தேன், போட்டவர் அதை நீக்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நீக்கியிருக்க மாட்டேன்.

ஃபேஸ்புக்கில் ஆள் தேடுவதை நான் விடவில்லை. இப்போது நானே போடுகிறேன், கடை முகவரியோடு, சம்பளத்தோடு, கடையின் பழைய லேண்ட்லைன் நம்பரோடு. அந்த லேண்ட்லைனுக்கு வாரத்துக்கு ஒரு தடவையாவது யாராவது அழைத்து, ஊசிப் பணத்தை எந்த அக்கவுண்டில் போடுவது என்று கேட்கிறார்கள். அந்த 'ஸ்' கூடிய பக்கம் இன்னும் ஓடுகிறது. கண்ணில் பட்டால் ரிப்போர்ட் அடியுங்கள்.

பேக்கிங் மேஜைக்கு இன்னும் இரண்டு ஆள் தேவைதான். காலை பத்து முதல் பன்னிரண்டுக்குள் கடைக்கு நேரில் வாருங்கள். ஐசியைக் காட்டினால் போதும், காசு எடுத்து வர வேண்டாம்.