மாஸ்டருக்குப் பெயர் பொறித்த பெல்ட் வாங்கப் போகிறவர்களுக்கு

கராத்தே மாஸ்டருக்கு நன்றிப் பரிசாகப் பெயர் பொறித்த கறுப்பு பெல்ட் ஒன்றை இணையத்தில் சொல்லிச் செய்யலாம் என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் வகுப்பில் 14 பேர் சேர்ந்து ஏமாந்தோம். என் சொந்தப் பணம் என்றால் வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன். 14 பேரிடம் வசூல் செய்தது நான்.

மாஸ்டரின் பெல்ட் தேய்ந்து, உள்ளே இருக்கும் வெள்ளைப் பருத்தி வெளியே தெரிகிறது. புதிதாக ஒன்று கொடுக்கலாம் என்ற யோசனையும் என்னுடையதே. (அப்படித் தேய்ந்த பெல்ட்டைப் பலர் உயிரே போனாலும் மாற்றமாட்டார்கள் என்று யாராவது அப்போதே சொல்லியிருக்கலாம்.)

விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்தது இது: அசல் பட்டு, ஜப்பானில் கையால் பொறித்தது, கராத்தே பிறந்த ஓகினாவா தீவில் பல நூற்றாண்டுகளாகக் கட்டிவரும் மரபு பெல்ட். அந்தக் கடைசி வரியிலேயே நான் விழித்திருக்க வேண்டும். கறுப்பு பெல்ட்டும், அதற்குள் முதலாம், இரண்டாம் என்று ஏறும் டான் என்ற தர வரிசையும் ஜூடோவிலிருந்து கராத்தேக்கு வந்தவை. கராத்தேயில் முதன்முதலில் டான் கொடுத்தவர் ஃபுனகோஷி கிச்சின், அதுவும் 1924-ல்தான். ஆறு வருஷமாக வகுப்புக்குப் போகிறவனுக்கு இது தெரியாமல் இல்லை. படம் அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆர்டர் போடப் போனபோது விற்பவர் தனியாகச் செய்தி அனுப்பினார். தளத்தின் வழியாகக் கட்டாமல் நேராக வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் தள்ளுபடி தருகிறாராம். மிச்சமாகிற பணத்தில் நல்ல பெட்டி ஒன்றும் வாங்கலாம் என்று கணக்குப் போட்டு அனுப்பிவிட்டேன். பின்னால் கேள்வி கேட்கும் வழியை நானே அடைத்துக்கொண்டது அங்கேதான். தளத்திலோ கார்டிலோ கட்டியிருந்தால் புகார் கொடுக்கவாவது ஓர் இடம் இருந்திருக்கும்.

அடுத்து ஒரு மாதிரிப் படம் வந்தது. கறுப்புப் பின்னணியில் தங்க நிறத்தில் ஜப்பானிய எழுத்துகள். "சரிபார்த்து ஒப்புதல் சொல்லுங்கள், அப்போதுதான் தையலைத் தொடங்குவோம்" என்றார்கள். நான் படத்தைக் குழுவில் போட்டேன். 13 பேரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஒருவருக்கும் ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. நானும் "அருமை" என்று பதில் போட்டேன். அந்த "அருமை"யை அவர்கள் பத்திரமாக எடுத்துவைத்துக்கொண்டது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பெல்ட் வந்தது. வகுப்பில் கூடப் பயிலும் அக்காவின் மகள் ஜப்பானிய மொழி படிக்கிறாள். சும்மா காட்டலாம் என்று நீட்டினோம். படித்துவிட்டு, "மாமா, இதில் 'விளக்கு' என்றுதானே இருக்கிறது?" என்றாள். எங்கள் மாஸ்டரின் பெயருக்கு அதுதான் பொருள்! பெயரை ஒலிப்படி எழுதாமல், ஏதோ மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு வந்ததை அப்படியே தைத்திருக்கிறார்கள்.

வெளிநாட்டுப் பெயர்களைக் கட்டகானா எழுத்தில் ஒலிபெயர்ப்பதுதான் அங்கே வழக்கம் என்று அவள் சொன்னாள். அதிலும் நம் பெயர்கள் லேசுப்பட்டவை அல்ல. ஜப்பானியத்தில் ல, ர இரண்டுக்கும் ஒரே ஒலிதான். 'ன்' தவிர வேறு மெய்யில் சொல் முடிவதில்லை, பின்னால் ஓர் உயிரைச் சேர்த்தாக வேண்டும். ழகரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மொழி தெரிந்த ஒருவர் மாஸ்டரின் பெயரைக் காதால் கேட்டு எழுதித் தர வேண்டிய வேலை இது.

சந்தேகம் வந்த பிறகு எல்லாவற்றையும் சோதித்தோம். ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்தினேன். பட்டு என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். இது உருகிக் கெட்டியான கறுப்பு மணியாக இறுகிவிட்டது. பாலியஸ்டர்.

நீளம் 260 செ.மீ. நாங்கள் எழுதிக் கொடுத்தது 300. மாஸ்டரின் இடுப்பு 96 செ.மீ. இரண்டு சுற்றுக்கு 192 போக, முடிச்சுக்கும் தொங்கும் நுனிகளுக்கும் இன்னொரு 100 செ.மீ. தேவை என்று பார்த்துத்தான் 300 சொன்னோம். வந்ததைக் கட்டினால் தையலில் பாதி முடிச்சுக்குள் போய்விடும். விளக்கு என்றுகூட முழுசாகத் தெரியாது.

எல்லாவற்றையும்விட என்னைக் கூனிக்குறுக வைத்தது எத்தனையாவது டான் என்று காட்டப் பெல்ட்டில் போடும் கோடுகள். எங்கள் மாஸ்டர் மூன்றாம் டான். "அன்பளிப்பாக" என்று ஐந்து கோடு போட்டு அனுப்பியிருந்தார்கள். டான் கொடுக்க வேண்டியது அவருடைய சங்கம். மாணவர்கள் கூடிக் காசு போட்டு ஆசிரியருக்குப் பதவி உயர்வு கொடுத்தால் அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்? பல பள்ளிகளில் கோடே போடுவதில்லை. தெரியாமல் கையில் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

புகார் எழுதினேன். என்னுடைய "அருமை"யைப் படம் பிடித்து அனுப்பினார்கள். கூடவே, பெயர் பொறித்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்றும். மனம் மாறிவிட்டது என்று திருப்ப முடியாதுதான். பட்டு என்று விற்று பாலியஸ்டர் அனுப்பியது என் மனமாற்றமா என்று கேட்டேன். நீளத்தைப் பற்றியும் கேட்டேன். அதன்பிறகு பதில் இல்லை, என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். பக்கம் இப்போது வேறொரு பெயரில் ஓடுகிறது. படங்கள் மட்டும் அதேதான். அந்தப் படத்தை அன்றே படத்தேடலில் போட்டுப் பார்த்திருந்தால், வேறு யாரோ செய்த பெல்ட் என்று இரண்டு நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

கடைசியில் மாஸ்டரிடமே போய், வகுப்புக்கு என்ன வேண்டும் என்று கேட்டோம். யோசிக்காமல் சொன்னார்: உதை வாங்கும் பேட். பழையது டேப் சுற்றிச் சுற்றி டேப்பாலேயே செய்தது மாதிரி ஆகியிருந்தது. மறுபடியும் வசூல் செய்யும் முகம் எனக்கு இல்லாததால் பெரும்பகுதியை நானே போட்டு, நேரில் போய், தையலை இழுத்துப் பார்த்து வாங்கி வந்தேன்.

விளக்கு பெல்ட் என் அலமாரியில் கிடக்கிறது. தீபம், ஜோதி என்று பெயர் வைத்துக்கொண்டு, இடுப்பு 80 செ.மீ.க்குள் இருக்கும் ஐந்தாம் டான் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.