குறைந்த கிலோமீட்டர் ஓடிய ஜிப்சியை விற்கப் போய் 1,60,000 ரூபாயை இழந்தோம்: பழைய வண்டிக்கு விலை வைக்க இருப்பவர்கள் கவனத்திற்கு

பழைய ஜீப், ஜிப்சி, தார் போன்ற நான்கு சக்கர இயக்க வண்டியை வீட்டில் வைத்துக்கொண்டு, அதற்கு என்ன விலை கேட்பது என்று யோசிப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். வண்டியை எங்களிடமிருந்து எடுத்துச் சென்ற கடைக்காரர் நேற்று மாலை என் எண்ணைத் தடுத்துவிட்டார். எங்களுக்கு வரவேண்டிய 1,60,000 ரூபாய் இனி கேட்டு வாங்கும் பணமாக இல்லை, போராடி வாங்க வேண்டிய பணமாகிவிட்டது. விலையை எப்படி முடிவு செய்ய வேண்டும் என்பதை இறுதியில் எழுதுகிறேன். நாங்கள் எந்த இடத்தில் ஏமாந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சந்தூர் பக்கம். அப்பாவுக்கு 74 வயது. மலையடிவாரத்தில் இருக்கும் மாந்தோப்புக்குப் போய்வருவதற்காக 2010ஆம் ஆண்டு மார்ச் மாதம் புதிதாக வாங்கிப் பதிவு செய்த மாருதி ஜிப்சி அது. 1,298 சிசி பெட்ரோல் எஞ்சின். வீட்டிலிருந்து தோப்புக்கும், தோப்பிலிருந்து வீட்டுக்கும், எப்போதாவது போச்சம்பள்ளி சந்தைக்கும் தவிர அது வேறு எங்கும் போனதில்லை. 16 ஆண்டுகளில் ஓடியது 38,400 கிலோமீட்டர். 15 ஆண்டு முடிந்ததும் 2025இல் சோதனைக்குக் காட்டி, 5,000 ரூபாய் கட்டணமும் பசுமை வரியும் கட்டி, 2030 மார்ச் வரை பதிவைப் புதுப்பித்திருந்தோம். முதல் சர்வீஸ் தொடங்கிக் கடைசியாக மாற்றிய பேட்டரி வரை எல்லா ரசீதுகளையும் அப்பா ஒரு மஞ்சப்பையில் போட்டு வைத்திருந்தார்.

முழங்கால் வலியால் அப்பாவால் கிளட்சை மிதிக்க முடியாமல் போனது. தோப்பில் பழைய போர் வற்றிவிட்டதால், கோடைக்கு முன்பே புதிய போர் போட வேண்டியிருந்தது. அதனால்தான் விற்க முடிவெடுத்தோம்.

என்ன விலை கேட்பது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை என்பதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. வண்டி விலை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அப்பா குந்தாரப்பள்ளி சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து விலை சொல்லக்கூடியவர், ஆனால் வண்டிக்கு அந்தக் கணக்கு அவருக்கும் தெரியவில்லை. ஆறு இலட்சம் வரும் என்று யாரோ சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு, ஓசூர் பக்கம் பழைய வாகனங்களை வாங்கி விற்கும் ஒரு கடையிடம், “நீங்களே பார்த்து நியாயமான விலை சொல்லுங்கள்” என்று கேட்டோம். வாங்கப் போகிறவரிடமே விலையைக் கேட்டோம்.

தை மாதம் இரண்டாவது வாரம் அவர் வீட்டுக்கு வந்தார். முதலில் காப்பீட்டுத் தாளைக் கேட்டு வாங்கி, அதில் மதிப்பு 1,45,000 என்று இருப்பதைக் காட்டி, “கம்பெனிக்காரனே இவ்வளவுதான்னு போட்டிருக்கான், அக்கா” என்றார். ஐந்து ஆண்டுகளைக் கடந்த வண்டிக்குக் காப்பீட்டு மதிப்பு என்பது நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான் என்பதும், பிரீமியம் குறையட்டும் என்று முகவர் ஆண்டுதோறும் அதைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார் என்பதும், அதற்கும் சந்தை விலைக்கும் தொடர்பே இல்லை என்பதும் எனக்கு அப்போது தெரியாது. அடுத்து, 2023இல் ஜிம்னி வந்துவிட்டதால் ஜிப்சியை யாரும் கேட்பதில்லை என்றார். அதற்கடுத்து, இராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட ஜிப்சிகளின் விலைகளைக் கைபேசியில் காட்டினார். பல கை மாறி, தாள்கள் அரைகுறையாக இருக்கும் வண்டியின் விலையையும், ஒரே கையில் இருந்த வண்டியின் விலையையும் ஒரே தட்டில் வைத்துப் பேசினார்; நாங்களும் தலையாட்டினோம்.

கிலோமீட்டரைப் பற்றி அவர் சொன்னதுதான் அப்பாவை மிகவும் புண்படுத்தியது. “பதினாறு வருஷத்துல முப்பத்தெட்டாயிரம்னா எவன் நம்புவான்? மீட்டரைத் திருப்பிட்டாங்கன்னு சொல்லுவான். அதுக்கு நான் விலை போட முடியாது, ஐயா” என்றார். அப்பா எதுவும் பேசாமல் உள்ளே போய் மஞ்சப்பையை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால்தான் எனக்குக் கோபம் அடங்க மறுக்கிறது. வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றவர், அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தார். தோப்பின் மேல்பக்கம் உருண்டைக் கற்கள் நிறைந்த செங்குத்தான பாதை ஒன்று உண்டு. அதன் அடியில் நிறுத்தி, நான்கு சக்கர இயக்கத்துக்கான சிறிய கியர் கம்பியைக் குறைந்த வேகப் பிரிவுக்கு மாற்றி, ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதிக்காமல், சக்கரம் ஒருமுறைகூடச் சுழன்று வழுக்காமல், மேலே கொண்டு போய் நிறுத்தினார். அப்பா அந்தப் பாதையில் ஏறி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இறங்கி வந்த அவர் முகத்தில் நான் வெகுநாட்களாகப் பார்க்காத மகிழ்ச்சி இருந்தது. “வண்டியைத் தெரிஞ்ச பையன்மா. இவன்கிட்டயே கொடுத்துடலாம்” என்று என் காதருகே சொன்னார். அந்த ஒரு நிமிடத்தில்தான் நாங்கள் தோற்றோம். வண்டியை நன்றாக ஓட்டுபவர் நாணயமானவராகவும் இருப்பார் என்று நம்பிவிட்டோம்.

4,60,000 என்று பேசி முடிந்தது. அன்றே 3,00,000 ரூபாயை வங்கி வழியாக அனுப்பினார். மீதி 1,60,000 ரூபாயைப் பெயர் மாற்றம் முடிந்த மறுநாளே தருவதாகவும், எல்லாக் கடைகளிலும் இதுதான் வழக்கம் என்றும் சொன்னார். பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் எண் படிவங்களில், வாங்குபவர் பெயர் எழுதப்படாத இரண்டு பிரதிகளுக்கு அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அசல் ஆர்.சி., இரண்டு சாவிகள், காப்பீட்டுத் தாள், அந்த மஞ்சப்பை ஆகிய அனைத்தையும் நானே என் கையால் எடுத்துக் கொடுத்தேன். மீதித் தொகையைப் பற்றி ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வாங்கவில்லை. அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, “வண்டியை என் அப்பா வண்டி மாதிரி பார்த்துக்கிறேன், அக்கா” என்று சொல்லிப் போனார்.

இருபது நாட்கள் கழித்து நான் பேசியபோது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வர் வேலை செய்யவில்லை என்றார். அடுத்த வாரம், வாங்குகிறவர் வெளியூர் போயிருக்கிறார் என்றார். அதற்கடுத்த வாரம் கணக்கு பார்ப்பவர் விடுப்பில் இருந்தார். ‘அக்கா’ என்று அழைத்த குரல் ‘மேடம்’ என்று மாறியது. நேரில் போய்க் கேட்டபோது என்னை முக்கால் மணி நேரம் வாசலில் உட்கார வைத்துவிட்டு, “வீட்டுல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா வந்து பேசச் சொல்லுங்க மேடம்” என்றார். பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பறையில் நின்று பாடம் நடத்தும் எனக்கு, அந்த வாசலில் என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

இதற்கிடையில் பெங்களூரில் வேலை பார்க்கும் என் சித்தி மகன் ஒரு விற்பனை விளம்பரத்தை அனுப்பினான். எங்கள் வண்டிதான். விலை 7,25,000 ரூபாய். “ஒரே உரிமையாளர், அசல் 38,000 கிலோமீட்டர், ஆரம்பம் முதல் சர்வீஸ் ரசீதுகள் உள்ளன” என்று எழுதி, அப்பாவின் ரசீதுகளை வண்டியின் முன்பகுதியில் வரிசையாகப் பரப்பிப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். யாரும் நம்ப மாட்டார்கள் என்று எங்களிடம் சொல்லி எந்தக் கிலோமீட்டருக்காக விலையைக் குறைத்தாரோ, அதே கிலோமீட்டரைத்தான் அவர் விற்றுக்கொண்டிருக்கிறார்.

அந்த விளம்பரத்தைக் காட்டிக் கேட்ட பிறகுதான் புதிய கதை வந்தது. சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், துரு இருந்ததாம், பிளேட் செட் எனும் அடிவில் தகடுகளையும் பிரேக்கையும் மாற்றினார்களாம், செலவு 1,48,000 ரூபாயாம். கடை முத்திரையோ உதிரிபாகப் பட்டியலோ இல்லாத, கையால் எழுதிய ஒரு தாளை வாட்ஸப்பில் அனுப்பி, “மீதி 12,000 இருக்கு, வந்து வாங்கிக்கோங்க” என்றார். 1,60,000 ரூபாய் 12,000 ரூபாயானது. சம்மதிக்க முடியாது என்று நேற்று மாலை நான் எழுதினேன். அதற்குப் பிறகு என் எண்ணிலிருந்து எந்த அழைப்பும் போகவில்லை.

பணம் போனதைவிட அச்சம் தருவது வேறொன்று. வண்டி இன்னும் அப்பாவின் பெயரில்தான் இருக்கிறது. ஃபாஸ்டேக்கை நாங்கள் முடக்காததால், கிருஷ்ணகிரி டோல்கேட்டிலும் அத்திப்பள்ளி டோல்கேட்டிலும் வண்டி கடந்து போகும் செய்தி அப்பாவின் கைபேசிக்கு வந்துகொண்டிருந்தது. யார் ஓட்டுகிறார்கள் என்றே தெரியாது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரையே விபத்து இழப்பீட்டுக்கு உரிமையாளராகக் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது என்று வழக்கறிஞர் ஒருவர் சொன்னபோது, அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்றவரே பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு சொல்கிறது. 2023 ஏப்ரல் முதல், பழைய வண்டி வாங்கி விற்கும் கடைக்குப் பதிவு அலுவலகத்தின் அங்கீகாரம் வேண்டும். அங்கீகாரம் பெற்ற கடையிடம் வண்டியை ஒப்படைத்ததை 29சி படிவத்தில் தெரிவித்துவிட்டால், அதன் பிறகு பொறுப்பு கடையுடையது. இவை எல்லாவற்றையும் வண்டி கைவிட்டுப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

விலையைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். இந்த ஒரு வாரத்தில் தமிழ்நாட்டுப் பதிவுள்ள, ஏறக்குறைய அதே ஆண்டைச் சேர்ந்த, ஒரே கையில் இருந்த ஜிப்சிகளை விற்ற ஐந்து பேரிடம் பேசினேன். விளம்பரத்தில் கேட்ட விலையை விட்டுவிட்டு, கடைசியில் கைக்கு வந்த தொகை எவ்வளவு என்று கேட்டேன். கேட்ட விலைக்கும் கைக்கு வந்த விலைக்கும் நாற்பது, ஐம்பதாயிரம் வித்தியாசம் இருந்தது. அவர்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், எங்கள் வண்டி நல்ல நிலையில் 6,50,000 வரை போயிருக்கும். அதிலிருந்து உண்மையான குறைகளைக் கழிக்க வேண்டும். ஓடாமல் நின்ற வண்டிக்கும் வயது ஏறுகிறது: டயர் தேயாமல் பள்ளங்கள் ஆழமாகவே இருந்தாலும், பக்கவாட்டில் பொறித்திருக்கும் கடைசி நான்கு இலக்கங்கள் 2214 என்றிருந்தால் அது 2014ஆம் ஆண்டு 22ஆம் வாரம் செய்த டயர், அதை மாற்றித்தான் ஆக வேண்டும், பிரேக் ஹோஸ்களும் எஞ்சின் ஓரத்து ரப்பர்களும் காய்ந்து வெடித்திருக்கும், பெட்ரோல் டாங்கின் அடியில் துரு தங்கியிருக்கும். எங்கள் வண்டியை ஆறு ஆண்டுகளாகப் பார்த்துவந்த பைபாஸ் மெக்கானிக்கிடம் கேட்டேன், நான்கு டயரோடு சேர்த்து 45,000 ரூபாய் வேலை என்றார். ஆக 6,30,000 கேட்டு, பேரம் பேசி 6,00,000 ரூபாய்க்குக் கொடுத்திருக்கலாம். கர்நாடகக்காரர் வாங்கினால் தடையில்லாச் சான்றும் அங்கே கட்ட வேண்டிய வரியும் அவர் கணக்கில் வரும் என்பதால் இன்னும் கொஞ்சம் குறைத்துக் கேட்பார், அது நியாயம்தான். 2019 வாக்கில் பொதுமக்களுக்கான விற்பனையே நின்றுவிட்ட வண்டி இது. ஜிம்னி வந்ததால் விலை விழுந்துவிட்டது என்று அந்த ஐந்து பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. இந்தக் கணக்கைப் போட எனக்கு மூன்று மாலைகள் ஆயின. தை மாதமே அதைச் செய்யாமல் விட்டேன்.

விரிவாக எழுத இப்போது மனம் ஓடவில்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். வாங்க வருபவரிடம் விலை கேட்காதீர்கள். காப்பீட்டுத் தாளை விலை பேசி முடியும்வரை காட்டாதீர்கள். ரசீதுகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அசலை முழுப் பணமும் வந்த பிறகு கொடுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு ரூபாய் மீதி வைத்துப் பேசினாலும் வண்டியை விடாதீர்கள். சாவியைக் கொடுத்த அன்றே ஃபாஸ்டேக்கை முடக்குங்கள். நான் அதை நேற்று இரவுதான் செய்தேன்.

வரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் அப்பாவோடு போய் மனுக் கொடுக்கிறோம், காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கிறோம். அதுவரை ஓசூர், பெங்களூர் பக்கம் பழைய ஜிப்சி தேடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளை நிற ஜிப்சி, 2010 மார்ச் பதிவு, இடதுபக்கப் பின் மட்கார்டில் மாங்காய் ஏணி சரிந்து விழுந்ததால் ஏற்பட்ட உள்ளங்கை அளவு பள்ளம், பின்கதவின் உட்புறத்தில் நீல பெயிண்டில் ‘சந்தூர் தோப்பு’ என்று அப்பா எழுதிய எழுத்து. அந்த வண்டியை உங்களிடம் காட்டினால் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அதற்கு இன்னும் 1,60,000 ரூபாய் பாக்கி இருக்கிறது.