கூகுள் கணக்கு இல்லாத போன்: இரண்டு வருட அனுபவம்

என் பிக்சல் 7ஏ போனில் இரண்டு வருடமாக, கூகுள் சேவைகள் இல்லாமல் வரும் ஆண்ட்ராய்டு வகை இயங்குதளமான கிராஃபீன்ஓஎஸ்தான் ஓடுகிறது. கூகுளை விட்டு விலக கூகுள் போனையே ஏன் வாங்கினாய் என்று தம்பி கேட்டான். வேறு இயங்குதளம் போட்ட பிறகும் பூட்லோடரை (போன் தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் நிரல்) அந்த இயங்குதளத்தின் டிஜிட்டல் சாவியாலேயே மறுபடி பூட்டிக்கொள்ள பிக்சல் இடம் கொடுக்கிறது. நான் போட்டபோது கிராஃபீன்ஓஎஸ் பிக்சலுக்கு மட்டும்தான் வந்தது.

நிறுவுவது சுலபம். கணினியில் உலாவியைத் திறந்து, கேபிளைச் சொருகி, திரை சொல்கிறபடி செய்தால் சரி. ஆனால் போனில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். படங்களை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, ஒவ்வொரு செயலிக்கும் இணையத்தைத் தனியாக நிறுத்த முடிவதுதான். ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக்கும் ஜிபோர்டு என்ற கூகுள் விசைப்பலகை எனக்குக் கைப்பழக்கம், விட மனமில்லை. தமிழுக்கான கோப்பை ஒருமுறை இறக்கியதும் அதன் இணைய அனுமதியை எடுத்துவிட்டேன். இன்றும் 'வணக்கம்' ஒழுங்காக வருகிறது.

வாட்ஸ்அப்பையும் விடவில்லை, அம்மா அதில்தான் பேசுவார். ஆனால் என் தொடர்புப் பட்டியலில் நான் தேர்ந்தெடுத்த ஏழு எண்கள் மட்டுமே அதன் கண்ணில் படும். முழு அனுமதி கிடைத்ததாகவே அது நினைத்துக்கொள்கிறது. பிளே ஸ்டோர் தேவைப்படும் சில செயலிகளைத் தனிப் பயனர் கணக்கில் வைத்திருக்கிறேன். அங்கே பிளே சேவைகளுக்கும் (பல செயலிகள் பின்னணியில் நம்பியிருக்கும் கூகுள் நிரல்) மற்ற செயலிகளைவிடக் கூடுதல் உரிமை எதுவும் இல்லை. அப்புறம், 18 மணி நேரம் யாரும் பூட்டைத் திறக்காவிட்டால் போன் தானே மறுதொடக்கம் ஆகிவிடும்.

வங்கிச் செயலிதான் பெரிய தலைவலி. எட்டு மாதம் நன்றாக ஓடியது. ஒருநாள் மருந்துக்கடையில் பில் போட்ட பிறகு திறந்தால், 'இந்தச் சாதனம் பாதுகாப்பானதல்ல' என்று சொல்லி மூடிக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் உடனுக்குடன் வரும் போன் இது. கூகுளின் சான்று இல்லை என்பதற்காகத் தள்ளிவிடுவது அநியாயம். அன்று தம்பிக்குப் போன் போட்டுப் பணம் அனுப்பச் சொன்னேன். இப்போது வங்கி வேலையை உலாவியில் முடிக்கிறேன், யுபிஐ வீட்டில் உள்ள பழைய போனில், பையில் எப்போதும் ஐந்நூறு ரூபாய். மாற நினைப்பவர்கள் தங்கள் வங்கிச் செயலி இதில் ஓடுமா என்று முதலில் விசாரியுங்கள்.

வரைபடத்துக்கு ஆர்கானிக் மேப்ஸ். பொதுமக்களே சேர்த்து உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் தரவு என்பதால் எங்கள் பக்கத்துக் கடைகள் பல அதில் இல்லை. மாலை நடையின்போது நானே ஒவ்வொன்றாகச் சேர்த்துவருகிறேன். மாவு மில், தையல் கடை, ரேஷன் கடை வந்துவிட்டன. பின்தெரு இன்னும் பாக்கி.