பக் பிரைவேட்ஸா, ஆங்கர்ஸ் அவேயா?

போர்க்கால ஹாலிவுட்டின் பாட்டும் சிரிப்புமான பட்டாளப் படங்களில் எதை முதலில் பார்ப்பது என்று குழம்புகிறவர்களுக்கு இது.

நேரம்: 1941இல் வந்த பக் பிரைவேட்ஸ் கறுப்பு வெள்ளை, ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 1945இன் ஆங்கர்ஸ் அவே வண்ணப்படம், இரண்டேகால் மணி நேரம் தாண்டும்.

ராணுவ வாழ்க்கை: முன்னதில் கட்டாய ஆள்சேர்ப்பு, முகாம், பயிற்சி எல்லாம் உண்டு. அதிலும் நகைச்சுவை இரட்டையரான அபாட்டும் காஸ்டெல்லோவும் துப்பாக்கியோடு அணிவகுப்புப் பழகும் காட்சி இருக்கிறதே, இன்றைக்கும் வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும். பின்னதில் கடற்படை வீரர்கள் விடுப்பில் ஊர் சுற்றுகிறார்கள், அவ்வளவுதான்.

ஆட்டம்பாட்டு: முன்னதில் பாடகிகளான ஆண்ட்ரூஸ் சகோதரிகளின் குரல் அருமை. ஆனால் பின்னதில் நடன நடிகர் ஜீன் கெல்லி கார்ட்டூன் எலி ஜெர்ரியோடு ஆடுவதற்கு ஈடே இல்லை.

பட்டாளச் சிரிப்பு வேண்டுமென்றால் பக் பிரைவேட்ஸ். நடனம்தான் உயிர் என்றால் ஆங்கர்ஸ் அவே. பாடகர் பிராங்க் சினாட்ராவின் பாட்டும் கூடவே கிடைக்கும்.